காலமைத் தேத்தண்ணி கண்ணைத் திறக்கிறதா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் நூற்றாண்டில் ஒரு வைத்தியர் பேச எழும்பினால் நீரிழிவு, மார்புப் புற்றுநோய், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். அவற்றை எங்களைவிட நன்றாகப் பேசக்கூடிய அக்காமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நாங்கள் தேத்தண்ணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

“தேத்தண்ணி குடிச்சால்தான் கண் திறக்கும்.” இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்க முடியாது. எங்கள் கேள்வி அந்த வசனத்தைப் பற்றியதுதான். காலமை குடிக்கும் தேத்தண்ணி எங்களை இயல்பான நிலையிலிருந்து ஒரு படி மேலே ஏற்றுகிறதா? அல்லது இரவு முழுதும் தேத்தண்ணி இல்லாமல் கிடந்ததால் கீழே இறங்கிப்போன எங்களைப் பழைய இடத்துக்குத் தூக்கி விடுகிறதா? குடிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைத்தியருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். எங்களுக்கே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது.

எங்கள் வயதுக்காரருக்கு 1995 ஒக்ரோபர் 30ஐ நினைவூட்டத் தேவையில்லை. அந்த இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் எங்கள் அம்மம்மாவும் இருந்தா. விடிந்த பிறகு, “தலை வெடிக்குது பிள்ளை” என்று சொல்லத் தொடங்கினா. மழையில் நனைந்தது, நடந்தது, நித்திரை இல்லாதது, வீட்டை விட்டு வந்தது என்று காரணம் சொல்ல எத்தனையோ இருந்தன. அடுத்த நாள் தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஒதுங்கியிருந்தபோது, அந்த வீட்டு அம்மா ஒரு மூக்குப்பேணியில் வெறும் தேத்தண்ணியும் கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தா. அரைமணித்தியாலத்துக்குள் அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “இப்பதான் கண் திறந்தது” என்று சொல்லிவிட்டு, எங்களில் யார் யார் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினா. மருத்துவபீடத்தில் மருந்தியல் படிக்கும்வரை அது அந்த வீட்டு அம்மாவின் கைராசி என்றே நினைத்திருந்தோம்.

இதில் மூளை செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது தனக்கென்றுள்ள வாங்கிகளில் போய் உட்காரும்போது எங்களுக்கு நித்திரை தூங்குகிறது. உயிரியல் படித்தவர்களுக்கு வாங்கி என்ற சொல் நினைவிருக்கும். மற்றவர்கள் தட்டிவான் இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் இருக்கையில் லேஞ்சியைப் போட்டு இடம்பிடிப்போமே, கஃபீன் செய்வது அதுதான். தான் உட்கார்ந்து வேறொரு வேலையும் செய்வதில்லை. அடினோசின் உட்காராமல் இடத்தை மறித்து வைக்கிறது. நித்திரை போய்விட்டதாக எங்களுக்குத் தோன்றும். உண்மையில் நித்திரை வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு நாளும் லேஞ்சி போட்டால் வான்காரன் என்ன செய்வான்? இருக்கையைக் கூட்டுவான். மூளையும் நாளடைவில் வாங்கிகளைக் கூட்டி இந்த மறிப்புக்குப் பழகிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் லேஞ்சி வராவிட்டால், கூட்டிய இருக்கைகள் எல்லாவற்றிலும் அடினோசின் வந்து குந்திவிடும். உடம்பு பாரம், சோம்பல், எரிச்சல், ஒன்றிலும் மனம் பற்றாமை எல்லாம் வரும். கஃபீன் மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருப்பது. அது இல்லாதபோது அவை விரியும். அதனால்தான் தலையிடி. கடைசித் தேத்தண்ணி குடித்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் இது தொடங்கும். முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். 2 நாளிலிருந்து 9 நாளுக்குள் தானாகவே அடங்கிவிடும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கஃபீன் எடுப்பவருக்கே இது வரலாம். ஒரு கிளாஸ் தேத்தண்ணியில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். காலமை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று குடிக்கும் எந்த வீட்டுப் பெண்ணும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறா. யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடு ஒன்று; அதை நாங்கள் ஒருபோதும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்விக்குத் திரும்புவோம். தேத்தண்ணியும் கோப்பியும் மூளையைச் சுறுசுறுப்பாக்கும் என்று காட்டிய பழைய ஆய்வுகள் பலவற்றில் ஒரு ஓட்டை இருந்தது. நாளாந்தம் கோப்பி குடிப்பவர்களை அழைத்து, “முதல் நாள் இரவிலிருந்து குடிக்காமல் வாருங்கள்” என்று சொல்லி, காலமை கஃபீன் கொடுத்துப் பரிசோதித்தார்கள். கஃபீன் கொடுத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், கொடுக்காதவர்கள் மந்தமாக இருந்தார்கள். ஆனால் அந்த மந்தம் கஃபீன் இல்லாத மனிதரின் இயல்பா, கஃபீனை நிறுத்தியவரின் கஷ்டமா? பிறிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ரொஜர்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கையை வைத்தது. 379 பேரை 16 மணித்தியாலம் கஃபீன் இல்லாமல் இருக்கச் செய்தார்கள். அவர்களில் வழமையாகக் குடிப்பவர்களும் இருந்தார்கள், குடிப்பதே இல்லை என்று சொல்லக்கூடியவர்களும் இருந்தார்கள். இரு பகுதியிலும் சிலருக்குக் கஃபீன், சிலருக்கு வெறும் குளிசை.

வழமையாகக் குடிப்பவர்களில் வெறும் குளிசை கிடைத்தவர்களுக்குத் தலையிடியும் மந்தமும் வந்தன. கஃபீன் கிடைத்தவர்களுக்கு விழிப்பு ஏறியது. ஆனால் எதுவரை ஏறியது? கஃபீன் பழக்கமில்லாமல், வெறும் குளிசை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவருடைய விழிப்பு நிலை வரைதான். அதற்கு மேலே ஏறவில்லை. பழக்கமில்லாதவர்களுக்குக் கஃபீன் கொடுத்தபோது விழிப்புப் பெரிதாகக் கூடவில்லை, பதற்றம்தான் கூடியது.

இதை வாசித்தபோது, இந்தப் பரிசோதனையை நாங்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் செய்துகொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. கந்தசஷ்டியைத்தான் சொல்கிறோம். ஆறு நாள் விரதம். சிலர் ஒருநேரச் சாப்பாடு, சிலர் பாலும் பழமும், சிலர் இளநீர், மிகக் கடுமையாகப் பிடிப்பவர்கள் மிளகும் தண்ணீரும். எங்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: “முதல் ரண்டு நாளும்தான் கஷ்டம், மூண்டாம் நாளிலையிருந்து முருகன் பார்ப்பார்.” முதல் நாள் பின்னேரம் தலையிடி, இரண்டாம் நாள் உச்சம், மூன்றாம் நான்காம் நாளில் இறக்கம், ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கப் போகும்போது தேத்தண்ணி ஒரு சொட்டும் இல்லாமலே தெளிந்த முகம். கஃபீன் நிறுத்திய உடம்பின் கால அட்டவணையோடு இது அப்படியே பொருந்துகிறது. பசியும் நீர் குறைவதும் தலையிடியைத் தரும். அவற்றை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் பசிதான் முழுக் காரணம் என்றால் ஆறாம் நாள்தான் மிக மோசமாக இருக்க வேண்டும். இன்னொன்றும் கவனித்தோம். வெறும் தேத்தண்ணி விரதத்தை முறிக்காது என்று கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர் பசியென்று சொல்வார்கள், களைப்பென்று சொல்வார்கள், தலையிடி என்று எங்களிடம் வருவது குறைவு. ரமழான் நோன்பின் முதல் நாட்களில் வரும் தலையிடியை ஆராய்ந்த சவூதி வைத்தியர்களும் கோப்பி நின்றதையே முக்கிய காரணங்களில் ஒன்றாகக் கண்டார்கள்.

விரத நாளில் மல்லிக் கோப்பி குடித்தால் தலையிடி குறையும் என்று சிலர் சொல்வதுண்டு. மல்லியில் கஃபீன் இல்லை. குறைந்தால், உங்கள் வீட்டில் மல்லியோடு கோப்பிக் கொட்டையும் சேர்த்து இடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் சுவாரசியமான கதைதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்களிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறோம். ஐம்பதைக் கடந்தவர். வெள்ளிக்கிழமை விரதம், சதுர்த்தி, கேதாரகௌரி, கந்தசஷ்டி எல்லாம் பிடிப்பவர். விரத நாளெல்லாம் தலையிடி. முதலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாற்றினார்கள். பிறகு பிரஷர் என்றார்கள். பிறகு யாரோ சொந்தக்காரர், “மூளையில ஏதும் கட்டியோ தெரியாது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த வார்த்தையோடு அந்த அம்மா எட்டு மாதம் நித்திரை கொள்ளவில்லை. காப்பை அடகு வைத்துத் தனியார் இடத்தில் ஸ்கான் எடுத்தார். ஸ்கானில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை, தலையிடி இருக்கிறதே. விரதத்தில் ஏதோ குறை விட்டுவிட்டோம், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

எங்களிடமும் அவர் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் நாங்கள் தேத்தண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை. நான்காம் தடவை, வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டபோது கைப்பைக்குள்ளிருந்து ஒரு குளிசைப் பட்டையை எடுத்துக் காட்டினார். “சாதாரணப் பனடோல் கேக்காது டொக்டர், இது ரண்டு போட்டால் உடனை நிக்கும்.” அது கஃபீன் சேர்த்த பரசிற்றமோல். ஒரு குளிசையில் 65 மில்லிகிராம் கஃபீன். இரண்டு போட்டால் மூன்று கிளாஸ் தேத்தண்ணியளவு. பாவம், அந்த அம்மா தேத்தண்ணியை விட்டு விரதம் பிடித்து, அதே தேத்தண்ணியைக் குளிசையாக விழுங்கிக்கொண்டிருந்தார். “ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி?” என்று அப்போதுதான் கேட்டோம். விரல் மடித்து எண்ணிவிட்டு, “ஆறு, ஏழு” என்றார்.

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் அவருக்குக் காப்பு மிஞ்சியிருக்கும். அன்றிலிருந்து தலையிடி என்று வரும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம்.

சத்திரசிகிச்சைக்குப் போகும்போதும் இதே கதைதான். முதல் நாள் இரவோடு சாப்பாடு நின்றுவிடும். மறுநாள் மத்தியானம் சிகிச்சை முடிந்து, விடுதிக்கு வந்து, பின்னேரம் தலையிடி. முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்த தாய்மாருக்கு இது பெரிய குழப்பம். ஊசியால் வரும் தலையிடியும் இருக்கிறது. அது எழும்பி உட்காரக் கூடும், படுத்தால் குறையும். தேத்தண்ணி நின்றதால் வருவது படுத்தாலும் விடாது. இந்த வித்தியாசத்தைத் தாதியிடம் சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். பால் சேர்க்காத தேத்தண்ணியை மயக்கமருந்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்வரை குடிக்கலாம் என்பதே இன்று பல நாடுகளில் வழக்கம். ஆனால் நீங்களாகக் குடித்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் மயக்கமருந்து வைத்தியரிடம் கேளுங்கள்.

தேத்தண்ணி வெறும் ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்குச் சாட்சியும் ஒரு விரதம்தான். சிவராத்திரி அன்று கோயில் வீதியில் நாலு சாமமும் விழித்திருந்தவர்களுக்குத் தெரியும், இரண்டாம் சாமத்துக்குப் பிறகு ஒரு கோப்பி என்ன செய்யும் என்று. அது இழந்ததைத் திருப்பித் தரும் வேலை மட்டுமல்ல. நித்திரை உண்மையாகவே சேர்ந்து நிற்கும்போது கஃபீன் அதை உண்மையாகவே மறிக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் பயிற்சி பெற்ற 68 பேரை 72 மணித்தியாலம் நித்திரை இல்லாத நிலையில் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், 200 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களின் கவனமும் விரைவும் தெளிவாகவே கூடியிருந்தன. இரவுக் கடமையில் நாங்களும் அதை நம்பித்தான் நின்றோம், நிற்கிறோம். இரவு பஸ் ஓட்டும் சாரதி வவுனியாவில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்தால், பின்னால் இருக்கும் நாங்கள் சந்தோஷப்பட வேண்டும். நித்திரை முறிந்த நாளுக்கு அது மருந்து. நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய காலமையில், நாளாந்தம் குடிப்பவருக்கு, அது பெரும்பாலும் நேற்றைய கடனைக் கட்டுவது.

அந்தக் கடனுக்கு எங்கள் பிள்ளைகள் வட்டி கட்டுகிறார்கள். ஜாம்போத்தல் விளக்கில் படித்த காலத்தில் எங்கள் அம்மாமார் இரவு பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். அது அன்பு. சீனி இல்லாத காலத்தில், தாங்கள் குடிக்காமல் எங்களுக்கு ஊற்றினார்கள். இன்று உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு நாங்களும் அதையே செய்கிறோம். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் வேண்டும். பத்து மணிக்குக் குடித்ததில் பாதி விடியப்புறம் மூன்று மணிக்கும் மூளைக்குள் லேஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறது. படித்தது மனதில் பதிவது அந்த நித்திரையில்தான். நித்திரை மெலிந்தால் காலமை மந்தம். மந்தத்துக்கு இன்னொரு தேத்தண்ணி. ரியூஷனுக்குப் போய்வந்து இன்னொன்று. “பிள்ளைக்கு ஞாபகமறதி” என்று சத்து மாத்திரை கேட்டு வரும் தாய்மாரிடம், இரவுத் தேத்தண்ணியை நிறுத்திப் பார்க்கத்தான் முதலில் சொல்கிறோம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த ஐந்து மணித்தியாலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதைவிடவும் நீளும். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் குறைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் டிம் ஹோர்ட்டன்ஸ் பெரிய கப்பில் காலமை ஒன்று, வேலையிடத்தில் ஒன்று என்று குடித்துப் பழகியவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, அம்மா ஊற்றும் சின்னக் கிளாஸ் தேத்தண்ணியோடு நிற்கிறீர்கள். அங்கே குடிக்கும் ஒரு கப் இங்கே பல கிளாசுக்குச் சமம். வந்து இரண்டாம் நாள் தலையிடி. “ஊர் வெயில் இப்ப தாங்கேலாது” என்கிறீர்கள். வெயிலும்தான். ஆனால் வெயில் மேல் முழுப்பழியையும் போடாதீர்கள்.

விரதம் பிடிப்பவர்கள் என்ன செய்யலாம் என்று போன கிழமையே இரண்டு அக்காமார் தொலைபேசியில் கேட்டார்கள். திடீரென நிறுத்தாதீர்கள். விஜயதசமியிலிருந்து கந்தசஷ்டி தொடங்கும்வரை ஏறத்தாழ இருபது நாள் இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தேத்தண்ணி வீதம் குறையுங்கள். பின்னேரத் தேத்தண்ணியை முதலில் விடுங்கள், காலமைத் தேத்தண்ணியைக் கடைசியாக. அளவை அப்படியே வைத்துச் சாயத்தைக் குறைத்தாலும் சரி. விரத நாளில் தண்ணீரை மறக்காதீர்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் வைத்தியரைக் காணுங்கள்.

எல்லாத் தலையிடியையும் தேத்தண்ணி மேல் போட்டுவிடவும் கூடாது. இடி விழுந்ததுபோலத் திடீரென வரும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பார்வை மங்கல், கர்ப்பகாலத்தில் வரும் கடும் தலையிடி இவற்றோடு வீட்டில் இருந்து தேத்தண்ணி ஊற்றிப் பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

போன வருடம் இந்த முறையை எங்கள் அம்மாவிடம்தான் முதலில் பரீட்சித்தோம். எழுபது தாண்டிய முன்னாள் ஆசிரியை. நாங்கள் சொல்வதைச் சுலபத்தில் கேட்கிறவர் அல்ல. நாலு தேத்தண்ணியை மூன்றாக்கி, இரண்டாக்கி, தீபாவளியன்று அரைக் கிளாசுக்குக் கொண்டுவந்தோம். சஷ்டி முதல் நாள் பின்னேரம் மூன்று தடவை தொலைபேசி எடுத்துக் கேட்டோம். தலையிடி இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஆறாம் நாள் சூரன்போர் முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்தா. ஏழாம் நாள் பாறணை. விடியப்புறம் சமைத்து, படைத்து, எல்லோருக்கும் இலை போட்டுச் சாப்பிட்டு முடிந்ததும் கதிரையில் சாய்ந்துகொண்டு எங்களைக் கூப்பிட்டா.

“பிள்ளை, நீ சொன்ன மாதிரித்தான். தலையிடி வரேல்லை.”

நாங்கள் பெருமையோடு நின்றோம்.

“சரி, இப்ப போய் ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா. சாயம் கூட.”